ஆறு பேத்தைகளும் ஓர் அக்காவும்

எங்கள் தெருவில் நல்லமுத்து எவரையும் எளிதில் நம்பியவர் அல்லர். பால்காரர் ஊற்றிய பாலில் ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் விட்டு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்த பிறகே பாத்திரத்தை உள்ளே கொண்டுபோவார். பேருந்தின் நெற்றியில் ‘கடலூர்’ என்று எழுதியிருந்தாலும் நடத்துநரிடம் ஒரு முறை, ஓட்டுநரிடம் ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். இதனைக் குணக்கேடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பார்த்த வேலை அப்படிப்பட்டது.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பத்தொன்பதாம் வயதில் சேர்ந்தவர், இன்றுவரை முப்பத்தேழு ஆண்டுகளாக மெருகு கலக்குகிறார். பொம்மைக்கும் ஜாடிக்கும் ப்யூஸ் கட்டைக்கும் மேலே கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சே மெருகு. வேலை செய்பவர்கள் அதனைக் கிளேசு என்பார்கள். வாளியில் இருக்கும்போது நீலமும் பச்சையும் கறுப்பும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில்தான் கிடக்கும். சூளைக்குள் வெந்து வெளியே வந்த பிறகே எது எது என்பது தெரியும். அவர் வேலைக்குச் சேர்ந்த நான்காம் ஆண்டில் யாரோ இரண்டு வாளிகளின் மூடிகளை மாற்றி வைத்துவிட்டார்கள். வெள்ளையாக வரவேண்டிய நானூறு கிண்ணங்கள் நீலமாக வந்தன. செய்தவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் மூன்று மாதங்கள் எல்லாரும் நல்லமுத்துவையே பார்த்தார்கள். அன்றுமுதல் அவர் வேலை முடிந்து கிளம்பும்போது ஒவ்வொரு மூடியின் மீதும் குறுக்காக ஒரு வெள்ளை நூலை வைத்துவிட்டு வருவார். காலையில் நூல் நகர்ந்திருந்தால் அந்த வாளியைத் தொடமாட்டார்.

ஒரே மகன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். மனைவி அம்சவல்லி கடைத்தெருவில் ஒரு தையலகத்துக்கு நாள்தோறும் சென்று வருபவர். ஆகவே பகல் பொழுதில் வீடு பூட்டியே கிடக்கும். அந்த வீட்டுக்குள் சென்ற பிப்ரவரியில் ஆறு மீன்கள் வந்து சேர்ந்தன.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சேரன் என்பவர் கலர் மீன் கடை வைத்திருக்கிறார். வேறு எதற்கோ அந்த வழியாகப் போன நல்லமுத்து, ஒரு கண்ணாடிக் குடுவையின் முன் நின்றுவிட்டார். உள்ளே பட்டாணியைவிடச் சற்றே பெரிய மீன்கள். மஞ்சளும் பச்சையும் கலந்த உடம்பில் கரும்புள்ளிகள். அவற்றில் ஒன்று முன்னால் வந்து, ஒரு கண்ணால் அவரையும் மறு கண்ணால் கடைக்காரரையும் பார்த்தது. இரண்டு கண்களையும் தனித்தனியே சுழற்றக்கூடிய மீனை அவர் அதுவரை கண்டதில்லை.

“பாத்தியா, என்னையும் நம்பல, உன்னையும் நம்பல,” என்றார் சேரனிடம்.

“அது பேத்த அண்ணே, சீண்டுனா பந்து மாதிரி ஊதிக்கும். கேரளாவுல ஆத்துல இருக்கறது. நல்ல தண்ணியிலயே வாழும். ஆனா மத்த மீன் மாதிரி இல்ல. குருணைத் தீனி போட்டா மொகத்தத் திருப்பிக்கும். நத்த வேணும், புழு வேணும். ஒண்ண ஒண்ணு கடிக்கும். பாத்துக்க முடியும்னா எடுத்துக்குங்க.”

“சாவறதுக்கு முன்னாடியே சாக்கு சொல்லறியா?”

“சொல்லாம வித்தா, நாளைக்கி வந்து சட்டையப் புடிப்பீங்க.”

இந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. ஆறு பேத்தைகளையும், இரண்டடி நீளத் தொட்டி ஒன்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

மீன்களைப் பராமரிப்பதில் அவர் காட்டிய ஒழுங்கைக் கண்டு நான் வியந்ததுண்டு. பேத்தைக்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பற்கள். அவை கிளி மூக்கைப்போல் வளர்ந்துகொண்டே இருக்கும். நத்தையின் ஓட்டைக் கடித்துக் கடித்துத்தான் அவை தேயவேண்டும். தேயாவிட்டால் வாயை மூட முடியாமல் மீன் பட்டினி கிடக்கும். அதற்காக அவர் வாய்க்கால் ஓரங்களில் குனிந்து குட்டி நத்தைகளைப் பொறுக்கினார். வயலில் என்ன மருந்து அடித்திருக்கிறார்களோ என்று ஐயுற்று, அவற்றைப் பின்கட்டுச் சிமெண்ட் தொட்டியில் இரண்டு வாரம் வைத்திருந்து, பிழைத்தவற்றை மட்டுமே மீன் தொட்டிக்குள் விட்டார். எங்கள் ஆழ்குழாய் நீர் உப்புப் பாங்கானது என்பதால் பாதிக்குப் பாதி கேன் தண்ணீர் கலந்தார். ஞாயிறுதோறும் கால் பங்கு நீரை மாற்றிவிட்டு, சேரன் சொல்லியபடி காய்ந்த வாதாங்கொட்டை எனும் நாட்டுப் பாதாம் மரத்தின் இலைகளைப் போட்டு ஊறவிட்டார். நீர் இளந்தேநீர் நிறத்துக்கு மாறியது. பேத்தைகளின் புள்ளிகள் கருகருவென்று தெளிந்தன.

ஆனால் அவை ஒன்றையொன்று துரத்திக் கடித்தன. “ஒண்ணு மூஞ்சி ஒண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சிக்கிறதுக்கு எடம் குடுங்கண்ணே,” என்றார் சேரன். எங்கள் ஊரில் இதற்குக் கடைக்குப் போகவேண்டியதில்லை. சூளையில் பழுதாகிப்போன பொருள்களைச் ‘செகண்ட்ஸ்’ என்று ஒதுக்கிவிடுவார்கள்; அவற்றை வேலையாட்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். தும்பிக்கை உடைந்த ஒரு யானையாவது இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. மார்ச் மாதத்தில் விரல் உயரப் பச்சைப் பானைகள் ஒரு கூடை ஒதுக்கப்பட்டன. சூளைக் கதவின் ஓரத்து அடுக்கில் இருந்தமையால் அவற்றுக்குச் சூடு போதவில்லை. நிறம் மட்டும் நன்றாகவே ஏறியிருந்தது. நல்லமுத்து தாமே கலக்கிய பச்சை. ஏழு பானைகளைக் கொண்டுவந்து, ஆறைத் தொட்டிக்குள் சாய்த்து வைத்தார். பேத்தைகள் ஆளுக்கொரு பானையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று முறைத்தன. அந்த அழகைக் காட்ட என்னையும் அழைத்துப் போனார்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை அவருடைய அக்கா தங்கம்மாள் ஒரு தகரப் பெட்டியுடன் வந்து இறங்கினார். தங்கம்மாளைக் கடலூர் முதுநகரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவர் ஐஸ் பேக்டரியில் கணக்கராக இருந்து, சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். வாடகை வீட்டைக் காலிசெய்தாகிவிட்டது. ஒரே மகள் துர்கா வேப்பூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஆனால் அது மாமியார், மாமனார், கொழுந்தன் என்று நிறைந்த வீடு. எனவே தங்கம்மாளுக்கு இனி இருக்க இடம் என்று ஒன்று உண்டென்றால், அது தம்பி வீடுதான்.

வந்தவர் செருப்பைக் கழற்றியதும் தொட்டியைத்தான் பார்த்தார்.

“டேய் முத்து, இது பேத்தடா!”

“ஆமாக்கா. உனக்குத் தெரியுமா?”

“தெரியுமாவா? வலையில வந்துச்சின்னா கால்லயே தள்ளி கடல்ல உட்டுடுவாங்க. தின்ன நாயி ரெண்டு அடி போவறதுக்குள்ள சுருண்டு உழுந்தத நான் கண்ணால பாத்திருக்கேன். நீ என்னடான்னா வெசத்த நடுவூட்ல வச்சி சோறு போட்டுக்கினு இருக்க.”

“இது கடல் பேத்த இல்லக்கா, ஆத்துப் பேத்த. இத யாரும் கொழம்பு வைக்கப் போறதில்ல.”

“வெசத்துக்கு ஆறு என்னா, கடலு என்னா? சோத்துப் பானைக்கு நாலு மொழம் தள்ளி வய்யி. இல்லன்னா ஒரு நாளு நானே எடுத்து வெளிய ஊத்திடுவேன், சொல்லிட்டேன்.”

சொன்னது சிரித்துக்கொண்டுதான். நல்லமுத்து சிரிக்கவில்லை. தொட்டியில் யாரும் கைவைக்கக் கூடாது, வைத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்று அன்றே வீட்டுக்குள் சட்டம் போட்டார்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி முதல் பேத்தை இறந்தது. உடம்பில் கடித்த காயம் ஒன்றும் இல்லை. வயிறு மேலாக, ஒரு பானைக்குப் பின்னால் மிதந்தது. “ஒண்ணு கொறஞ்சிதா? நல்லதாப் போச்சி,” என்றார் தங்கம்மாள், அரிசி புடைத்தபடியே. அந்தச் சொல் நல்லமுத்துவின் மனத்தில் தங்கிவிட்டது. இறந்த மீனை ஒரு டம்ளரில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

“சார், நீங்க படிச்சவங்க. என்னான்னு பாத்து சொல்லுங்க.”

எனக்கு மீனைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாத இடத்தில் ஊகிப்பது தவறு, குறித்துவைப்பதே முறை என்று கூறி, ஒரு நீளக் குறிப்பேட்டில் கோடு கிழித்து அட்டவணை ஒன்று தயாரித்துக் கொடுத்தேன். தேதி, நேரம், கொடுத்த தீனி, நீர் மாற்றிய நாள், வீட்டில் இருந்தவர் என ஐந்து கட்டங்கள். ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி இரண்டாவது மீன் இறந்தது. குறிப்பேட்டை விரித்துப் பார்த்தோம். தீனி வேறு, நேரம் வேறு. கடைசிக் கட்டத்தில் மட்டும் இரண்டு வரிசையிலும் ஒரே பெயர்.

பகலெல்லாம் வீட்டில் இருக்கும் ஒருவரின் பெயர் எந்த வரிசையிலும் வரத்தான் செய்யும் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெயரின்மீது என் பேனாவால் இரண்டு முறை தட்டினேன்.

மறுநாள் காலை நல்லமுத்து வேலைக்குக் கிளம்பும்போது, மீன் தொட்டி மூடியின்மேல் குறுக்காக ஒரு வெள்ளை நூலை வைத்துவிட்டுப் போனார். மாலையில் வந்து பார்த்தார். நூல் தரையில் கிடந்தது. அடுத்த நாளும் வைத்தார். அன்று நூல் மூடியின் மேலேயே இருந்தது, ஆனால் அவர் வைத்த திசையில் இல்லை. நூலைக் கவனித்து மறுபடியும் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அவர் முடிவு செய்தார். மூன்றாம் நாளும் அப்படியே. அதன்பின் அக்கா போட்ட சோற்றைப் பிசையும்போதுகூட அவருடைய கண் அக்காவின் கைகளின்மேல் இருந்தது. அந்த விரல்கள் எதைத் தொடுகின்றன, தொட்டபின் எங்கே துடைக்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான்காம் நாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. தங்கம்மாள் முழங்கைவரை நனைய, தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

“என்னாக்கா பண்ற?”

தங்கம்மாள் திடுக்கிட்டுக் கையை வெளியே எடுத்தார். விரல்கள் மூடியிருந்தன.

“கைய கழுவறேன்.”

“கைக்குள்ள என்னா?”

“ஒண்ணும் இல்ல.”

“தொறந்து காட்டு.”

“காட்டறதுக்கு நான் என்னா ஸ்கூலு புள்ளையா? போடா அந்தண்ட,” என்று சொல்லிவிட்டு, மூடிய கையோடு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

நல்லமுத்து அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும். மாறாக, இரவுச் சாப்பாட்டின்போது முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “துர்கா வூட்டுக்கு ஒரு பத்து நாளு போயிட்டு வாயேன்க்கா. அதுக்கும் ஆசையா இருக்கும்.”

“பத்து நாளா, பத்து வருசமாடா?” என்றார் தங்கம்மாள். பிறகு எழுந்து போய்த் தட்டைக் கழுவினார்.

காலையில் அம்சவல்லி தையலகத்துக்குப் போகாமல் வாசலிலேயே நின்றார்.

“அண்ணி தகரப் பொட்டிய எடுத்துக்கினு போறாங்க. பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“பத்து நாளைக்கி பொட்டி எதுக்குன்னு கேக்கலியா?”

“கேக்கல.”

“நல்லா இருக்குது நீங்க அக்காவ அனுப்பற அழகு,” என்று சொல்லிவிட்டு, அம்சவல்லியே பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையம்வரை போய்வந்தார். அன்றிலிருந்து கணவரிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்பது நாட்கள் கழிந்தன. தொட்டியில் நான்கு பேத்தைகளும் நலமாக இருந்தன. வாதாங்கொட்டை இலைகள் தீர்ந்துபோயிருந்தன என்பதைத் தவிர வேறு மாற்றம் எதுவும் இல்லை. நல்லமுத்து குறிப்பேட்டைக் கொண்டுவந்து, ‘அக்கா இல்லை, இறப்பு இல்லை’ என்று என் கண்முன்னே எழுதினார். பிறகு என் வீட்டுக் கூடத்தில் இருந்தே துர்காவுக்குப் போன் செய்தார்.

“துர்கா, அக்கா இன்னும் கொஞ்ச நாளு அங்கயே இருக்கட்டும்மா.”

“மாமா, எங்க மாமியாரு ரெண்டு தடவ கேட்டுட்டாங்க, உங்க அம்மா எப்ப கெளம்பறாங்கன்னு. அம்மா கேட்டும் கேக்காத மாதிரி இருக்குது. நான் என்னான்னு சொல்லறது?”

“சமாளிச்சிக்கம்மா,” என்று சொல்லிப் போனை வைத்தார். அவருடைய முகத்தில் மகிழ்ச்சி இல்லை. கணக்கு ஒத்துப்போனதில் கிடைக்கும் ஒரு நிம்மதி மட்டுமே இருந்தது. என்னிடமும் அது இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரயில்வே குடியிருப்பு வாதாங்கொட்டை மரத்தடியில் ஒரு பை நிறையப் புதிய இலைகளைப் பொறுக்கி வந்து, விட்டுப்போன வாரத்துக்கும் சேர்த்துத் தொட்டியில் போட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேத்தைகள் ஒரே நேரத்தில் இறந்து மிதந்தன. தங்கம்மாள் அப்போது இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்.

சந்தேகம் அப்போதும் தீரவில்லை. போகும்போதே கூழாங்கற்களுக்கு அடியில் எதையாவது வைத்துவிட்டுப் போயிருப்பாரோ என்று நினைத்து, அடிவரை கிளறிப் பார்த்திருக்கிறார். எதுவும் அகப்படாமற்போகவே, சேரனைக் கையோடு அழைத்துவந்தார். வழியில் என்னையும் கூப்பிட்டார்.

சேரன் குனிந்து பார்த்தவுடன் சொன்னார்: “அண்ணே, நத்தையெல்லாம் தண்ணிய உட்டு மேல ஏறி நிக்குதே, கவனிச்சீங்களா?”

நாங்கள் பார்த்தோம். உயிரோடு இருந்த ஏழெட்டு நத்தைகளும் நீர்மட்டத்துக்கு மேலே, கண்ணாடியில், மூடிக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு ஒட்டியிருந்தன.

அடுக்களை வாசலில் நின்றிருந்த அம்சவல்லி அப்போது வாய் திறந்தார். “இத அண்ணி வந்த மாசமே சொன்னாங்க.”

“என்னா சொன்னா?”

“மீனு தின்ன நத்தைன்னா வெறும் ஓடுதான் கெடக்கணும். இதுல சதை அப்படியே இருக்குது, தானா சாவுது அம்சா, தண்ணியிலதான் என்னமோ கோளாறுன்னு சொன்னாங்க. செத்தது அழுவுனா மீனும் செத்துடும்னு தெனமும் அவங்கதான் பொறுக்கிப் பொறுக்கி எடுத்து செம்பருத்தி அடியில பொதச்சாங்க. வேணும்னா தோண்டிப் பாருங்க.”

“இத ஏன் என்கிட்ட சொல்லல?”

“தொட்டியத் தொட்டா கைய ஒடிப்பேன்னு சொன்னது யாரு? நூலு வச்சி வேவு பாக்கற மனுசன்கிட்ட எத சொல்லறது? அண்ணிக்கி நூலு தெரியாதுன்னா நெனச்சீங்க? ‘பாவம், தேடுவான்’னு அவங்களே எடுத்து வச்சாங்க.”

சேரன் இதில் தலையிட விரும்பாதவராகத் தம் பையிலிருந்து ஒரு காகிதப் பட்டையை எடுத்துத் தொட்டி நீரில் தோய்த்து, நிறம் மாறுவதைப் பார்த்தார்.

“தண்ணி லேசாப் புளிப்பு ஏறியிருக்குதுண்ணே. அது எலையால வர்றது. அந்தப் புளிப்பு பேத்தைக்கு நல்லதுதான், அதனால ஒண்ணும் இல்ல,” என்றார்.

அதைக் கேட்டதும் நல்லமுத்து தொட்டிக்குள் சாய்ந்து கிடந்த பச்சைப் பானைகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டையைக்கூட மடக்காமல் கையை உள்ளே விட்டு, ஆறு பானைகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் வைத்தார்.

பச்சை மெருகுக்கு நிறம் கொடுப்பது செம்பு. அது சூளையில் முழுச் சூடு வாங்கி வெந்தால் கண்ணாடிக்குள் அடங்கிக் கிடக்கும். வேகாமல் போனால், புளிப்புப் பட்டவுடன் கரைந்து இறங்கும். அதனால் ஊறுகாய் ஜாடிக்குப் பச்சை மெருகு பூசக் கூடாது என்பது தொழிற்பேட்டையில் எல்லாருக்கும் தெரிந்த விதி. அந்த விதியைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்பவர் நல்லமுத்துதான். ஊறுகாய் என்றால் அவருக்குப் புளிப்பு நினைவுக்கு வரும். மீன் தொட்டி என்றால் வரவில்லை.

ஆயினும் அவர் தம்மையும் சோதித்துப் பார்க்காமல் நம்பவில்லை. தொட்டிக்குள் வைக்காமல் மிச்சமிருந்த ஒரு பானையை எடுத்து, ஓர் எலுமிச்சையை அரிந்து, அதன் பாதியை மெருகின்மேல் கவிழ்த்து வைத்தார். மறுநாள் காலையில் எலுமிச்சை இருந்த இடம் பளபளப்பு இழந்து, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிக் கிடந்தது. பழத்தின் வெட்டுவாயில் பச்சை ஏறியிருந்தது. இரண்டையும் ஒரு தட்டில் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார்.

“நத்தைக்குத்தான் செம்பு மொதல்ல தாக்குமாம், சேரன் சொன்னான். அப்புறம்தான் மீனு. அக்கா சரியாத்தான் பாத்திருக்குது சார்.”

மார்ச் மாதத்தின் அந்த ஒரே வாரத்தில் அவருடைய வீட்டுக்குள் புதிதாக வந்தவை இரண்டு. என் அட்டவணையில் வீட்டில் இருந்தவருக்குக் கட்டம் இருந்தது; தொட்டிக்குள் இருந்ததற்குக் கட்டம் இல்லை. குறிப்பேட்டை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்லமுத்து வேப்பூருக்குப் போனார். துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். துர்காவின் கணவர் வீட்டார் நெடுஞ்சாலையோரம் ஓர் உணவுக்கடை நடத்துகிறார்கள். கடைக்குப் பின்புறம், தகரக் கூரையின் நிழலில், தங்கம்மாள் ஒரு கூடைச் சின்ன வெங்காயத்தை வைத்துக்கொண்டு உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

“வாங்க சார், ஒக்காருங்க. யாரு பின்னாடி? மோப்பம் புடிக்கறதுக்கு வேப்பூர் வரைக்கும் வந்துட்டானா?”

“அக்கா, வூட்டுக்கு வா.”

“மீனு எத்தினி இருக்குது?”

“ரெண்டு.”

“நான் கெளம்பசொல்ல நாலு இருந்துது. அந்த ரெண்ட யாரு கொன்னா? இங்க இருந்து கைய நீட்டி நான்தான் கொன்னேனா?”

“நான்தான்க்கா கொன்னேன். ஆறுல நாலையும் நான்தான் கொன்னேன்.” பச்சைப் பானையையும் இலையையும் எலுமிச்சையையும் பற்றி ஒன்று விடாமல் சொன்னார். தங்கம்மாள் கேட்டுக்கொண்டே உரித்தார்.

“வேகாத பானையா?”

“ஆமா.”

“நீ கலக்குன கிளேசா?”

“ஆமாக்கா.”

“அதான் உனக்கு அதும்மேல சந்தேகமே வரல.”

நல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டார். கடையின் முன்புறம் ஒரு லாரி வந்து நின்றது. யாரோ நான்கு டீ என்று கத்தினார்கள்.

“தப்புதான்க்கா. இப்பவே கெளம்பு. அம்சா உன்ன கூட்டிக்கினு வந்தாத்தான் சோறுன்னு சொல்லியிருக்கா.”

“பட்டினி கெட. நான் வரல.”

“அக்கா...”

“சொல்றத கேளு. இன்னிக்கி பானன்னு சொல்லற. நான் வந்த மறுநாளு அந்த ரெண்டுல ஒண்ணு செத்துச்சின்னு வய்யி. நீ வாயத் தொறக்க மாட்ட. ஆனா ஒரு பார்வ பாப்ப. சோத்துத் தட்டுல இருந்து தலைய நிமித்தி என் கைய ஒரு பார்வ பாத்த இல்ல, அந்த மாதிரி. அத இன்னொரு தடவ பாக்கறதுக்கு என்னால ஆவாது. அதுங்க ரெண்டும் ஒரு மாசம் உசுரோட இருக்கட்டும். நான் அந்தப் பக்கமே இல்லாம இருக்கட்டும். அப்புறம் வரேன்.”

“செத்துப் பூட்டா?”

“செத்தா நான் கொல்லலன்னு உனக்குத் தெரியும். அது போதும் எனக்கு. வர்றதப் பத்தி அப்ப பாக்கலாம்.”

“துர்கா மாமியாரு ஒண்ணும் சொல்லலியா?”

“சொன்னா சொல்லட்டும். ஒரு நாளைக்கி ரெண்டு கூடை வெங்காயம் உரிக்கிறவள யாரும் சட்டுனு தொரத்த மாட்டாங்க.” பிறகு என்னைப் பார்த்து, “சார், நீங்கதான் கட்டம் போட்டுக் குடுத்தீங்களாமே? அம்சா போன்ல சொன்னா. நல்லா போட்டீங்க,” என்றார்.

அவர் வரவழைத்துக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு இருவரும் திரும்பினோம்.

அந்த ஒரு மாதத்தில் நல்லமுத்து பட்டபாடு சொல்லி முடியாது. தொட்டியை முழுவதும் கொட்டிக் கழுவினார். கூழாங்கற்களைத் தூக்கி எறிந்தார். அவற்றிலும் செம்பு ஊறியிருக்கும் என்பது அவருடைய எண்ணம். ஒளிந்துகொள்ள இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தார். அவற்றையும் ஐந்து முறை வெந்நீரில் கொதிக்க வைத்த பிறகே. புதிய நீரில் முதலில் மூன்று நத்தைகளை மட்டும் விட்டு, அவை நீருக்குள்ளேயே ஊர்கின்றனவா, மேலே ஏறித் தப்பிக்கப் பார்க்கின்றனவா என்று இரண்டு நாள் காத்திருந்தார். அவை அடியில் மேய்ந்தன. அதன் பின்னரே சேரனின் கடையில் ஒப்படைத்திருந்த இரண்டு பேத்தைகளையும் கொண்டுவந்து விட்டார். ஒன்று ஐந்து நாட்கள் எதையும் உண்ணாமல் மூலையில் வாலை மடக்கிக்கொண்டு கிடந்தது. அந்த ஐந்து நாட்களும் அவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து, மீனைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே திரும்பினார். ஆறாம் நாள் அது ஒரு கொசுப் புழுவை விழுங்கியதை என்னிடம் சொல்லத் தெருவின் மறுகோடியிலிருந்து வேகமாக நடந்து வந்தார்.

வேப்பூரிலிருந்து ஒரு முறைகூடப் போன் வரவில்லை. இவரும் செய்யவில்லை. இடையில் சொன்னால், சொன்ன மறுநாளே ஏதாவது நேர்ந்துவிடுமோ என்று பயந்தார்.

முப்பது நாள் முடிந்த மறுநாள் காலை என்னையும் உடன் இருக்கச் சொன்னார். அக்காவின் எண்ணைப் போட்டு, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

“அக்கா, நேத்தோட முப்பது நாளு. ரெண்டும் இருக்குது.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

“திங்குதா?”

“நத்தைய ஓட்டோட கடிச்சித் துப்புது.”

மறுமுனையில் பாத்திரங்கள் உரசும் சத்தமும் யாரோ சில்லறை கேட்கும் குரலும் வந்தன.

“போன அம்சாகிட்ட குடு.”

அம்சவல்லி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினார். ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார்.

“சொல்லுங்க அண்ணி... ம்... ம்... இருங்க, பாத்துட்டு சொல்லறேன்.”

“நான்தான் சொன்னேனே,” என்று நல்லமுத்து தொடங்கினார். அம்சவல்லி மறு கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டுத் தொட்டியின் அருகே போய்க் குனிந்தார். ஒரு பேத்தை முன்னால் வந்து அவரைப் பார்த்தது. மற்றது கண்ணில் படவில்லை. அம்சவல்லி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். சற்று நேரம் கழித்துச் சிரட்டையின் ஓரத்தில் ஒரு சிறிய மூக்கு நீண்டது.

“இருக்குது அண்ணி. ரெண்டும் இருக்குது, நான் பாத்தேன்,” என்றார் அம்சவல்லி. சிறிது நேரம் கேட்டுவிட்டு, “சரிங்க அண்ணி,” என்று போனை வைத்தார்.

“என்னா சொன்னா?”

“பதினோரு மணி பஸ்ஸு புடிக்கிறாங்களாம்.”

அப்போது மணி ஒன்பதரை. நல்லமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்.